காட்டன் துரையின் இன்னொரு கால்வாய்

கோதாவரிக் கரையில் ஒரு வெள்ளைக்கார ராணுவப் பொறியாளரை நினைத்துக் குளிக்கிறவர்கள் இருக்கிறார்கள். ராஜமுந்திரிப் பக்கத்துப் புரோகிதர்கள் சிலர் சங்கல்பத்தோடு சேர்த்துச் சொல்லும் ஒரு சுலோகம், தினமும் கோதாவரியில் நீராடும் புண்ணியத்தைத் தந்த பகீரதன் என்று அவரைச் சொல்கிறது. டெல்டாவில் ஊருக்கு ஊர் அவருக்குச் சிலை உண்டு. ஹைதராபாத் டாங்க் பண்டில் தெலுங்குப் பெரியவர்களுக்கு வரிசையாகச் சிலை வைத்தபோது அவருக்கும் அதில் இடம் கொடுத்தார்கள். பெயர் சர் ஆர்தர் காட்டன். தெலுங்குக்காரர்களுக்குக் காட்டன் தொர, நமக்குக் காட்டன் துரை.

நான் சத்தியவேட்டுப் பக்கத்துக்காரன். வீட்டில் தமிழ், கடைத்தெருவில் தமிழும் தெலுங்கும் கலந்து, தாலுகா ஆபீசில் தெலுங்கு. 1960-ல் எல்லையைத் திருத்தியபோது திருத்தணி அந்தப் பக்கம் போனது. செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்த எங்கள் ஊர்கள் ஆந்திராவுக்கு வந்தன. தாத்தா காலத்துப் பத்திரங்கள் தமிழில் இருக்கின்றன, அப்பா காலத்தில் எழுதியதெல்லாம் தெலுங்கில். எங்கள் மண்டலத்தின் வழியாகத்தான் கிருஷ்ணா கால்வாய் போகிறது. கண்டலேறு அணையில் புறப்பட்டு, 152 கிலோமீட்டர் ஆந்திராவுக்குள்ளேயே ஓடி, ஊத்துக்கோட்டை பக்கம் ஜீரோ பாயின்ட்டில் தமிழ்நாட்டுக்குள் நுழைந்து, பூண்டி ஏரியில் போய் விழும் கால்வாய். சென்னை குடிக்கிற தண்ணீர் எங்கள் வயல்களை ஒட்டிப் போகிறது. கோடையில் கரையோரம் மோட்டார் வைப்பவர்களும் உண்டு, அதை எடுக்கச் சொல்லி அதிகாரிகள் வருவதும் உண்டு. இந்தச் சச்சரவுக்குள்ளேயே வளர்ந்ததால் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, யார் கொண்டுவந்தது என்ற கேள்வி எனக்குச் சின்ன வயதிலேயே பிடித்துக்கொண்டது. அதைத் தேடிப் போனால் எந்த வழியில் போனாலும் காட்டன் வந்து நிற்கிறார்.

அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் தவளேஸ்வரத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். கோதாவரி அணை வெற்றி, அதனால் அது சொல்ல எளிது. எங்களுக்குப் பக்கத்தில் இருக்கிற இன்னொரு கால்வாய், கர்னூல் - கடப்பா கால்வாய், அவருடைய வாழ்க்கையின் பெரிய அடி. அதையும் சேர்த்துச் சொன்னால்தான் அந்த மனிதர் முழுதாகத் தெரிவார் என்பது என் எண்ணம்.

1803 மே 15-ல் இங்கிலாந்தில் பிறந்தார். ஹென்றி கால்வெலி காட்டனின் பத்தாவது மகன். பத்தாவது மகனுக்குச் சொத்து என்று என்ன வரும்? பதினைந்து வயதில் கிழக்கிந்தியக் கம்பெனியின் அடிஸ்கோம் ராணுவப் பள்ளியில் சேர்த்துவிட்டார்கள். அங்கிருந்து மெட்ராஸ் இன்ஜினியர்ஸ் படைப்பிரிவு. 1821-ல் சென்னையில் கப்பல் இறங்கியபோது வயது பதினெட்டு. அப்புறம் பாம்பன் கால்வாயை அளக்கும் வேலை, 1824 முதல் இரண்டு வருஷம் பர்மா யுத்தம். ஒரு சாதாரண ராணுவ அதிகாரியின் தொடக்கம்தான். 1828-ல் கேப்டன் ஆனார், காவிரிப் பாசனத்தை ஆராயும் பொறுப்பு கைக்கு வந்தது. அவருடைய படிப்பு உண்மையில் அங்கேதான் தொடங்குகிறது.

அப்போது தஞ்சாவூர் பயந்துபோயிருந்தது. ஸ்ரீரங்கத்துக்கு மேலே முக்கொம்பில் காவிரியும் கொள்ளிடமும் பிரிகின்றன. கொள்ளிடம் நேராக, சரிவாக, ஆழமாகப் போகிற ஆறு. காவிரி வளைந்து மெதுவாகப் போகும். தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்று சொல்லவே வேண்டாம். வருஷத்துக்கு வருஷம் கொள்ளிடம் ஆழமானது, காவிரித் தலைப்பு, அதாவது ஆறு பிரியும் வாய், மணல் மேடிட்டது. விட்டிருந்தால் டெல்டாவின் நன்செய் தரிசாகியிருக்கும். ஊர்ஜனம் எல்லாம் வருஷா வருஷம் மணல் வாரிக்கொண்டிருந்தார்கள். 1804-ல் கால்ட்வெல் என்ற கேப்டன் கல்லணையை உயர்த்திப் பார்த்தார். அதற்குப் பிறகு அணைக்கு மேலே மணல் இன்னும் சேர்ந்தது. 1830-ல் கல்லணையில் மணல்போக்கி மதகுகளை வைத்தது காட்டன்.

மதகு வைத்ததைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, அந்த வேலையின்போது கல்லணையை அவர் எப்படிப் பார்த்தார் என்பதுதான். ஆற்று மணலில் அணை கட்ட முடியாது, பாறை தட்டும் வரை தோண்ட வேண்டும் என்பது ஐரோப்பியப் பொறியியல். காவிரியில் பாறை எத்தனை ஆழத்தில் கிடக்கிறது என்று யாருக்குத் தெரியும்? கரிகாலன் பெயரால் வழங்கும் அணையோ ஒன்றரை ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக மணல் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. பெரிய பெரிய பாறாங்கற்களை ஆற்றில் போட்டிருக்கிறார்கள். கல் இறங்கும். அதன் மேல் இன்னொரு கல். இனி இறங்காது என்று ஆகும்வரை போட்டு, இடையில் களிமண் பூசி, மேலே கட்டியிருக்கிறார்கள். ஆழம் தெரியாத மணலில் அஸ்திவாரம் போடும் வித்தையை இந்த மக்களிடமிருந்துதான் கற்றோம், அதை வைத்துத்தான் அணைகள் கட்டினோம் என்று காட்டன் பின்னாளில் எழுதியே வைத்தார். அந்தக் காலத்து வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் இதை எழுத்தில் ஒத்துக்கொண்டது சாதாரண விஷயம் இல்லை. என் பார்வையில் அவருடைய மற்ற எல்லாக் கட்டுமானங்களுக்கும் அஸ்திவாரம் அந்த ஒப்புதல்தான்.

1836-ல் முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணை. அதே வருஷம் கீழே அணைக்கரையில் கீழணை. மேலணை கொள்ளிடத்தைக் கட்டுப்படுத்திக் காவிரிக்குத் தண்ணீரைத் திருப்பியது. கீழணை கொள்ளிடத்தில் மிஞ்சி வருவதை வடவாற்றுக்குத் திருப்பி வீராணம் ஏரியை நிரப்பியது. மேலணை நினைத்ததைவிட அதிகமாகவே வேலை செய்தது. காவிரி இப்போது அளவுக்கு மேல் தண்ணீரை இழுத்துக்கொண்டு தன் படுகையை அரிக்க ஆரம்பிக்கவே, 1845 வாக்கில் காவிரித் தலைப்பிலும் ஒரு தடுப்பு கட்ட வேண்டியதாயிற்று. ஆற்றை ஒரு பக்கம் தொட்டால் இன்னொரு பக்கம் பதில் சொல்லும். அந்த மேலணை 182 வருஷம் நின்று, 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் சில மதகுகளை இழந்தது. பக்கத்திலேயே இப்போது புதுக் கதவணை கட்டியிருக்கிறார்கள். வீராணத்துத் தண்ணீர் 2004 முதல் குழாய் வழியாகச் சென்னைக்குப் போகிறது. வடக்கே எங்கள் வழியாகக் கிருஷ்ணா, தெற்கே காட்டனின் கீழணை வழியாகக் காவிரி. சென்னையின் வீட்டுக் குழாய்களில் இரண்டும் வருகின்றன.

எங்கள் ஊரிலிருந்து சென்னைக்குப் பஸ் ஏறினால் செங்குன்றம் தாண்டித்தான் போக வேண்டும். 1836-37-ல் அந்தச் செங்குன்றத்துச் செம்பாறாங்கல்லைச் சாலை போடுவதற்காகச் சிந்தாதிரிப்பேட்டைக்குக் கொண்டுபோக ஒரு ரயில்பாதை போட்டார்கள். இந்தியாவின் முதல் ரயில்பாதை அதுதான். பம்பாய் - தாணே ரயிலுக்குப் பதினாறு வருஷம் முந்தியது. போட்டவர் காட்டன். பிற்காலத்தில் ரயிலே வேண்டாம், கால்வாய் வெட்டுங்கள் என்று ஆயுள் முழுக்க வாதாடிய மனிதர்தான் நாட்டின் முதல் தண்டவாளத்தையும் போட்டிருக்கிறார். இன்றைக்குப் பூண்டியிலிருந்து சோழவரம் வழியாக வரும் கிருஷ்ணா தண்ணீர் அதே செங்குன்றம் ஏரியில் சேர்கிறது. அந்த ஏரிக்கரையைப் பஸ்ஸில் கடக்கும்போதெல்லாம் பக்கத்து ஸீட்காரரிடம் இதைச் சொல்ல வேண்டும்போல இருக்கும். பல தடவை சொல்லியும் இருக்கிறேன்.

இடையில் உடம்பு பலமுறை கெட்டது. 1841-ல் எலிசபெத் லியர்மான்த்தைக் கல்யாணம் செய்துகொண்டார். கொஞ்ச காலம் விசாகப்பட்டினத்தில் கடலரிப்பைத் தடுக்கும் வேலை. அப்புறம் கோதாவரி.

கோதாவரி மாவட்டத்தின் அன்றைய நிலையை ஒரு கணக்கு காட்டும். 1821-ல் ராஜமுந்திரி மாவட்டத்தின் ஜனத்தொகை 7,38,000. இருபது வருஷம் கழித்து, 1841-ல், 5,61,000. ஜனம் பெருக வேண்டிய இருபது வருஷத்தில் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு குறைந்துபோனது. நடுவில் 1832-33 பஞ்சம், புயல், வெள்ளம். இத்தனைக்கும் நாட்டின் பெரிய ஆறுகளில் ஒன்று மாவட்டத்தின் நடுவே ஓடிக் கடலில் கலக்கிறது. காட்டன் ஆற்றை நடந்து பார்த்து 1844-ல் அறிக்கை கொடுத்தார். தஞ்சாவூரில் செய்ததை இங்கேயும் செய்யலாம், இந்த மாவட்டம் கரும்பும் நெல்லும் விளையும் பூமி, ஓர் அணை போதும் என்று எழுதினார். 1846-ல் அனுமதி வந்தது, 1847-ல் வேலை தொடங்கியது.

இடம் ராஜமுந்திரிக்குக் கொஞ்சம் கீழே தவளேஸ்வரம். அங்கே ஆறு கரைக்குக் கரை ஆறு கிலோமீட்டருக்குப் பக்கம். ஆனால் நடுவில் லங்கைகள், அதாவது ஆற்றுத் தீவுகள், இருக்கின்றன. தீவுகளை இணைத்துத் தவளேஸ்வரம், ரால்லி, மத்தூர், விஜ்ஜேஸ்வரம் என்று நான்கு துண்டுகளாக அணை கட்டினார். ஆற்றின் அகலத்தைக் கண்டு மலைக்காமல், ஆறே போட்டு வைத்திருந்த மண்திட்டுகளைத் தனக்குத் துணையாக எடுத்துக்கொண்டார். கல்லுக்குத் தவளேஸ்வரத்துக் குன்று பக்கத்திலேயே இருந்தது. அஸ்திவாரம் கல்லணை முறை: மணலில் கல்லைக் கொட்டு, இறங்கட்டும், மேலும் கொட்டு. கேட்ட ஆட்களில் சிறு பங்குதான் கொடுத்தார்கள். பயிற்சி பெற்ற பொறியாளர்கள் கைவிரலில் அடங்குவார்கள். வேலை செய்தவர்கள் ஆயிரக்கணக்கான உள்ளூர்க் கூலிகள், கொத்தர்கள், கல்தச்சர்கள்.

வீணம் வீரண்ணா என்ற பெயரை இங்கே சொல்லியாக வேண்டும். மசூலிப்பட்டணத்துக்காரர். ஆட்களைச் சேர்ப்பது, அவர்களோடு பேசி வேலை வாங்குவது, பொருள் திரட்டுவது எல்லாம் அவர் தோளில் இருந்தது. அவர் இல்லாமல் இந்த வேலை நடந்திருக்காது. அரசு ராய் பகதூர் பட்டம் கொடுத்தது. கோதாவரிக்காரர்கள் காட்டனுக்குப் பக்கத்தில் அவரையும் மறக்காமல் வைத்திருக்கிறார்கள் என்பது எனக்கு நிறைவு தரும் செய்தி. தஞ்சாவூரில் காட்டனோடு நின்று வேலை செய்த நம் கொத்தர்களில் ஒருவர் பெயர்கூட நமக்குத் தெரியாது. அது எனக்கு உறுத்துகிறது.

வேலை நடக்கும்போதே 1848-ல் காட்டன் உடம்பு முடியாமல் ஆஸ்திரேலியாவுக்குப் போக நேர்ந்தது. கேப்டன் ஓர் என்பவர் பொறுப்பேற்றார். 1850-ல் காட்டன் திரும்பி வந்தார். 1852-ல் அணை முடிந்தது. கூடவே கன்னவரத்தில் வைனதேயம் கிளையாற்றைக் கால்வாய் தாண்டுவதற்கு ஒரு நீர்ப்பாலம்: நாற்பது அடி அகலத்தில் 49 வளைவுகள். கீழே ஆறு, மேலே கால்வாய். லெப்டினன்ட் ஹெய்க்கும் வீரண்ணாவும் மழைக்காலம் வருவதற்குள் ஓட்டமாக ஓடிக் கட்டிய வேலை அது. 1855-ல் பெஜவாடாவில், இன்றைய விஜயவாடாவில், கிருஷ்ணா அணையை அதே கேப்டன் ஓர் முடித்தார். இந்த இரண்டு டெல்டாக்களின் கால்வாய்களும் ஏலூரில் சேர்ந்தன. அங்கிருந்து தெற்கே பக்கிங்காம் கால்வாயோடு தொடர்பு வந்தபோது காக்கிநாடாவில் ஏறிய படகு சென்னை வரை வர வழி பிறந்தது. தடா, சூளூர்ப்பேட்டை பக்கத்துப் பெரியவர்கள் விறகும் கரியும் ஏற்றிய படகுகள் பேசின் பிரிட்ஜ் வரை போனதைச் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

பழைய அணை இருந்த இடத்தில் இப்போது புதுக் கதவணை இருக்கிறது, அவர் பெயரில். அதன் மூன்று பெரிய கால்வாய்களில் பத்து லட்சம் ஏக்கர் பாய்கிறது. கோதாவரிக்காரர்கள் அவரைக் கும்பிடுவதற்குக் காரணம் தேட வேண்டியதில்லை. ஒரு தடவை அங்கே அணைக்குப் பக்கத்தில் இருக்கும் அருங்காட்சியகத்துக்குப் போனபோது, குடும்பத்தோடு வந்திருந்த ஒரு பெரியம்மா சிலைக்குக் கீழே பூ வைத்துவிட்டுப் பேரனிடம், "இவரு இல்லன்னா நீ சோறு தின்ன மாட்டடா" என்று தெலுங்கில் சொன்னார்கள். பையனும் கும்பிட்டான்.

இனி அந்த இன்னொரு கால்வாய்.

கோதாவரிக்குப் பிறகு காட்டனின் மனசு பெரிதாக விரிந்துவிட்டது. ஆற்றுக்கு ஆறு கால்வாயால் இணைக்க வேண்டும், அது பாசனத்துக்கும் ஆக வேண்டும், படகுக்கும் ஆக வேண்டும். ரயில் தானியத்தை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு எடுத்துப் போகும், விளைவிக்காது; கால்வாய் இரண்டையும் செய்யும். இதுதான் அவர் வாதம். அந்தச் சமயம் ரயில் கம்பெனிகளுக்கு அரசு வட்டி உத்தரவாதம் கொடுத்துப் பணத்தைக் கொட்டிக்கொண்டிருந்தது. அதே உத்தரவாதத்தைக் கால்வாய்க்கும் கொடுங்கள் என்றார்கள் காட்டன் தரப்பினர். அப்படிப் பிறந்தது மெட்ராஸ் இரிகேஷன் கம்பெனி. பத்து லட்சம் பவுன் முதலுக்கு ஐந்து சதவீத வட்டியை அரசு உறுதி கொடுத்தது. கர்னூலுக்கு மேலே சுங்கேசுலாவில் துங்கபத்திராவை மறித்து, கர்னூலில் ஹந்திரி ஆற்றை நீர்ப்பாலத்தில் தாண்டி, நந்தியால் பள்ளத்தாக்கு வழியாகக் கடப்பா வரை ஏறத்தாழ 300 கிலோமீட்டர். துங்கபத்திராத் தண்ணீரை ஆந்திரத்துப் பெண்ணாற்றுப் படுகைக்குக் கொண்டுபோகும் வேலை. இன்றைக்கு நதிநீர் இணைப்பு என்று மேடையில் பேசுகிறார்களே, அது 1860-களில் மண்வெட்டியாலும் கூடையாலும் நடந்திருக்கிறது. 1870 வாக்கில் தண்ணீர் விட்டார்கள்.

ஜனம் தண்ணீர் எடுக்கவில்லை.

இதைப் படித்தபோது நம்பவே முடியவில்லை. ராயலசீமாவில் தண்ணீர் வேண்டாம் என்றார்களா? அப்புறம் நந்தியால் பக்கம் மகாநந்திக்குப் போன வழியில் கால்வாய்க்கரையில் ஒரு பெரியவரிடம் பேசியபோது புரிந்தது. "ரேகடி நேலய்யா இது" என்று காலால் மண்ணைத் தட்டிக் காட்டினார். கரிசல். மழை ஒரு தரம் நன்றாக நனைத்தால் ஈரத்தை மாதக்கணக்கில் பிடித்து வைத்துக்கொள்ளும் மண். அதில் சோளமும் பருத்தியும் மழையை நம்பியே வரும். கால்வாய்த் தண்ணீர் பாய்ச்சினால் பிசுபிசுத்துப் போகும், மண்ணே கெடும் என்ற பயம் அந்தக் காலத்துக் குடியானவர்களுக்கு. அதற்கு மேல் தண்ணீர்த் தீர்வை வேறு கட்ட வேண்டும். மழை பெய்யும் வருஷத்தில் காசு கொடுத்து யார் தண்ணீர் வாங்குவார்கள்? 1876-78 தாது வருஷப் பஞ்சம் வந்தபோதுதான் ஜனம் மடையைத் திறக்கச் சொல்லி ஓடிவந்தார்கள். மழை திரும்பியதும் மறுபடி விட்டுவிட்டார்கள். கம்பெனிக்கு வருமானம் இல்லை. வட்டியை அரசு கட்டியது, அதாவது ஜனத்தின் வரிப்பணம் கட்டியது. 1882-ல் அரசே கால்வாயை வாங்கிக்கொண்டது. பெரிய திட்டம் நின்றுபோனது. லண்டனில் காட்டனை எதிர்த்தவர்களுக்கு அடுத்த முப்பது வருஷத்துக்கு இந்த ஒரு கால்வாய் போதுமானதாக இருந்தது.

இரண்டு வேலைக்கும் என்ன வித்தியாசம் என்று பல நாள் யோசித்திருக்கிறேன். காவிரியிலும் கோதாவரியிலும் காட்டன் ஆற்றங்கரையிலேயே கிடந்தார். கல்லணையைக் கட்டினவர்களிடம் கற்றார், வீரண்ணா போன்றவர்களோடு நின்றார். அந்த டெல்டா ஜனம் நெல் பயிரிட்டுப் பழகியவர்கள். தண்ணீரை எப்படிப் பங்கு வைப்பது, எப்போது மடை திறப்பது என்பது அவர்கள் ரத்தத்தில் இருந்தது. அவர்களுக்குக் குறைவாக இருந்தது தண்ணீர் ஒன்றுதான். கர்னூல் கால்வாயில் தண்ணீர் வந்தது, மற்றதெல்லாம் குறைவு. 1860-லேயே காட்டன் அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். வேலையை நடத்தியது லண்டனில் பங்கு விற்ற கம்பெனி. அவர்களுக்கு நந்தியால் கரிசல் ஒரு வரைபடம். அங்கே என்ன விதைக்கிறார்கள், ஏன் அதை விதைக்கிறார்கள் என்று மேலணை கட்டின காட்டன் போலப் போய் உட்கார்ந்து கேட்டவர் இல்லை. முப்பது வயதுக் காட்டன் அங்கே போயிருந்தால் கேட்டிருப்பார் என்று நான் நம்புகிறேன்.

அவரைத் தெய்வமாக்குவதில் எனக்கு ஒரு தயக்கமும் உண்டு. அவர் கம்பெனி அரசின் அதிகாரி. அணை வேண்டும் என்று மேலே எழுதும்போது அவர் முதலில் வைக்கும் கணக்கு, இவ்வளவு போட்டால் இவ்வளவு வரி கூடும் என்பது. அந்த மொழியில் சொன்னால்தான் காது கொடுப்பார்கள் என்பது அவருக்குத் தெரியும். பஞ்சத்தைக் கண்ணால் பார்த்தவர் என்பதும் அவர் எழுத்தில் தெரிகிறது. இரண்டும் சேர்ந்த மனிதராகவே அவரை எடுத்துக்கொள்கிறேன்.

1861-ல் சர் பட்டம். கங்கைக் கால்வாயின் தலைப்பு இருக்கும் இடமே தவறு என்று அதைக் கட்டிய ப்ரோபி காட்லியோடு பல வருஷம் பகிரங்கமாகச் சண்டை போட்டார். அந்தச் சண்டையில் இரண்டு பேரும் கொஞ்சம் தரம் இறங்கினார்கள், அதை நீட்டி எழுத வேண்டியதில்லை. ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் இந்தியாவின் பஞ்சத்தைப் பற்றிக் கவலைப்பட்டு அவரோடு கடிதம் எழுதிக்கொண்டிருந்தார், பாசனத்துக்காகக் குரலும் கொடுத்தார். தாது வருஷத்தில் லட்சம் லட்சமாகச் செத்தபோது ரயில் இருந்தது. இருந்தும் காப்பாற்றவில்லை. 1878-ல் லண்டன் பாராளுமன்றத்தில் ஜார்ஜ் ஹாமில்டன் பிரபு தலைமையில் ஒரு குழு போட்டு, காட்டனைக் கூப்பிட்டுக் கேள்வி கேட்டார்கள். அப்போது அவருக்கு 75 வயது. இந்தியா முழுக்கக் கால்வாய் என்ற அவர் திட்டத்தைக் குழு தள்ளிவிட்டது. தள்ளுவதற்கு கர்னூல் கால்வாயின் நஷ்டக் கணக்கு கையில் இருந்தது. அதற்குப் பிறகும் அவர் எழுதுவதை நிறுத்தவில்லை. டார்க்கிங் என்ற ஊரில் குடியிருந்துகொண்டு, மண்ணை ஆழ உழுது கோதுமை விளைச்சலைக் கூட்டும் சோதனைகள் செய்தார். 1899 ஜூலை 24-ல், 96 வயதில், அங்கேயே காலமானார்.

கர்னூல் - கடப்பா கால்வாயின் கதை அவரோடு முடியவில்லை. நந்தியால் பள்ளத்தாக்கில் மெதுமெதுவாக நெல் வந்தது. கரிசலில் எங்கே தண்ணீர் பாய்ச்சலாம், எங்கே கூடாது என்று குடியானவர்கள் தாங்களே கண்டுகொண்டார்கள். இன்று அந்தக் கால்வாயை நம்பி இரண்டரை லட்சம் ஏக்கருக்கு மேல் இருக்கிறது. பச்சாவத் தீர்ப்பாயம் கிருஷ்ணா நீரைப் பங்கு போட்டபோது, கே.சி. கால்வாய் என்று சுருக்கிச் சொல்லும் இந்தக் கர்னூல் - கடப்பா கால்வாய்க்கு 39.9 டி.எம்.சி. ஒதுக்கியது. 2009 அக்டோபர் வெள்ளத்தில் சுங்கேசுலா அணை உடைந்தபோது, திரும்பக் கட்டும்வரை அந்த ஜனம் பட்ட பாட்டைப் பேப்பரில் படித்தேன். நூற்று நாற்பது வருஷத்துக்கு முன்னால் வேண்டாம் என்ற தண்ணீர் அது.

நம் சென்னைத் தண்ணீரும் அதே பள்ளத்தாக்கு வழியாகத்தான் வருகிறது. 1983-ல் எம்.ஜி.ஆரும் என்.டி.ஆரும் கையெழுத்துப் போட்ட தெலுங்கு கங்கை ஒப்பந்தப்படி, ஸ்ரீசைலம் அணையிலிருந்து போதிரெட்டிபாடு மதகு, பானகசெர்ல, வெலுகோடு, பிறகு பெண்ணாற்றில் சோமசிலா, கண்டலேறு, எங்கள் சத்தியவேடு, பூண்டி. 1996-ல் முதல் தண்ணீர் எல்லையைத் தாண்டியது. முதலில் கரை சரிந்து சரிந்து பாதித் தண்ணீர் வழியிலேயே போனது. 2004 வாக்கில் சத்ய சாயி டிரஸ்ட் பணம் கொடுத்துக் கரையைச் சீர்செய்த பிறகுதான் கால்வாய் ஒரு கால்வாயாக ஓடியது. கிருஷ்ணாப் படுகையின் தண்ணீரைப் பெண்ணாற்றுக்குக் கொண்டுவருவது காட்டன் 1858-லேயே கேட்டது. பானகசெர்லவில் தண்ணீர் பிரியும் மதகுகளில் ஒன்று தெலுங்கு கங்கைக்கு; இன்னொன்றின் வழியாக விடும் தண்ணீர் பழைய கே.சி. கால்வாய்க்குப் போய்ச் சேரும்.

கால்வாய்க்கரையில் பேசிய அந்தப் பெரியவர், நான் எல்லையிலிருந்து வருகிறேன் என்றதும் விட்டுவிடவில்லை. "மீ மெட்ராஸுக்கு நீளு விட்டுடறாங்க, எங்க கேசி கால்வாய்க்கு எப்ப விடுவாங்கன்னு கேட்டுச் சொல்லு நாயனா" என்றார். நான் மெட்ராஸ்காரன் இல்லை, எங்கள் ஊர்க்காரர்களும் அதே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, உங்கள் பக்கம் என்ன மண், என்ன பயிர் என்று விசாரிக்க ஆரம்பித்தார். செம்மண், வேர்க்கடலை, கிணறு இருக்கிறவர்களுக்கு நெல், மாந்தோப்பு என்று சொல்லிக்கொண்டே வந்தேன். நடுவில் நிறுத்தி, வேர்க்கடலைக்கு எத்தனை தண்ணீர் விடுகிறீர்கள் என்று கேட்டார்.